இதய மாற்றுக்குப் பின் நீர் கோர்த்தால்: காப்பீட்டில் இன்னொரு அனுமதி வேண்டும்

தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதய மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு, இதயத்தைச் சுற்றி நீர் கோர்ப்பது அரிதல்ல. பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் வரும். அதற்குள் அறுவை சிகிச்சைக்கான கோப்பு மூடப்பட்டிருக்கும். பழைய அனுமதியே போதும் என்று நினைத்துக் காகிதம் எதுவும் இல்லாமல் கிளம்பி வரும் குடும்பங்கள்தான் தவித்துப்போகின்றன.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. இதய மாற்று போன்ற பெருஞ்செலவுச் சிகிச்சைகளுக்குத் தனியாக ஒரு மூல நிதி இருக்கிறது. நீரை எடுக்க மறுபடி சேரும்போது அந்த நிதியே தானாகக் கைகொடுக்கும் என்று இருந்துவிடாதீர்கள். அது புதிய அட்மிஷன்; முன் அனுமதியும் புதிதாக வாங்க வேண்டும். டிஸ்சார்ஜுக்குப் பிறகு எத்தனை நாள் வரையிலான செலவு பேக்கேஜில் (அறுவை சிகிச்சைக்கு அனுமதித்த மொத்தத் தொகையில்) அடங்கும் என்பதை வீட்டுக்குக் கிளம்புமுன் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் விதியில் அது 15 நாள்.

நீர் ஏன் சேர்கிறது? நோயால் பெருத்துப்போன பழைய இதயத்தைச் சுற்றியிருந்த உறை, தொளதொளவென்று விரிந்திருக்கும். அதற்குள் வைக்கப்படும் புது இதயம் சிறியது; மிச்ச இடத்தில் நீர் நிரம்புகிறது. இரத்தக் கசிவு, தொற்று, உடல் புது இதயத்தை நிராகரிப்பது, நிராகரிப்பைத் தடுக்கத் தரும் சிரோலிமஸ் போன்ற மருந்து ஆகியவையும் காரணமாகலாம். பயாப்ஸிக்காக (சோதனைக்காக) இதயத் தசையில் சிறு துணுக்கு எடுக்கும்போது இதயச் சுவரில் துளை விழுந்தும் சேரலாம்.

இயல்பாகவே உறைக்குள் 15 முதல் 50 மி.லி. நீர் இருக்கும். மெல்ல மெல்லச் சேர்ந்தால் ஒரு லிட்டரைக்கூட உடல் தாங்கும். திடீரென்று சேர்ந்தால் 200 மி.லி.யே இதயத்தை விரியவிடாமல் நெரித்துவிடும். எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) திரையில் இதயத்தை ஒட்டிக் கறுப்புப் பட்டையாகத் தெரிவதுதான் நீர். அதன் தடிமன் 10 மி.மீ.க்குள் என்றால் குறைவு, 20 மி.மீ.க்கு மேல் என்றால் அதிகம். பின்பக்கம் தேங்கிய நீர் சாதாரண எக்கோவில் தப்பிவிடலாம். மூச்சுத் திணறல் தொடர்ந்தால் சி.டி. ஸ்கேன் எடுக்கலாமா என்று கேளுங்கள்.

படுத்தால் மூச்சு முட்டுவது, கழுத்து இரத்தக்குழாய் புடைப்பது, இரத்த அழுத்தம் இறங்குவது, சிறுநீர் குறைவது எல்லாம் அவசர அறிகுறிகள். நாடித் துடிப்பை மட்டும் நம்பாதீர்கள். நரம்பு இணைப்பு அறுபட்ட புது இதயம் சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை துடிக்கும். மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடவே கூடாது: நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்து சாப்பிடுபவருக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் எல்லாம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, ஆதார், டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி இரண்டு எக்கோ அறிக்கைகள், பயாப்ஸி முடிவு, மருந்துப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கதவருகே மாட்டி வையுங்கள். பழைய எக்கோவோடு ஒப்பிட்டால்தான் நீர் கூடியிருக்கிறதா என்று மருத்துவர் சொல்ல முடியும். அனுமதி கேட்கவும் அதுவே ஆதாரம். முடிந்தவரை மாற்று சிகிச்சை செய்த மருத்துவமனைக்கே போங்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் ஊசி வழியாக நீரை எடுக்கத் தொடங்கிவிட்டு, தொலைபேசியில் அனுமதி வாங்கவும் வழி உண்டு. கையில் பணம் கட்டச் சொன்னால், கட்டுவதற்கு முன் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.