கவிதைக் கொப்பியைக் கைமாற்றும் முன்

திருகோணமலையில் நூல் செம்மையாக்கமும் பக்க வடிவமைப்பும் செய்து கொடுக்கும் எனக்கு, அணிந்துரைக்காகப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்த ஒரே கையெழுத்துக் கொப்பி திரும்பி வரவில்லை என்று பெண்கள் சொல்லக் கேட்பது புதிதல்ல. ஆயினும் அண்மையில் மூதூர்ச் சகோதரி ஒருவரின் கொப்பி திரும்பி வந்திருந்த கோலத்தைக் கண்ட பின் இதை எழுதாமலிருக்க முடியவில்லை. "நெத்தலிக் கருவாடு காயும் முற்றம்" என்று அவர் எழுதிய அடியைச் சிவப்பு மையால் வெட்டி, மேலே "நறுமலர் பூத்த நந்தவனம்" என்று எழுதியிருந்தார், அதை வாசித்த பழைய காணிக் குடும்பத்துப் பெரியவர். அந்தத் திருத்திய வடிவம் சகோதரியின் பெயரின்றி ஒரு விழா மலரிலும் வந்துவிட்டது. "அச்சில் வராத கவிதைக்கு என்ன உரிமை கேட்பது, அக்கா?" என்கிறார் அவர்.

எனக்கு எரிச்சலூட்டுவது இந்தக் கேள்விதான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஆக்கம் உருவானதுமே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. அச்சேற வேண்டியதில்லை, எங்கும் பதிய வேண்டியதில்லை, பலர் நினைப்பதுபோலச் சர்வதேச நூல் எண்ணும் வேண்டியதில்லை, ஏனெனில் அது நூலை அடையாளங்காட்டும் எண்ணேயன்றி உறுதிப்பத்திரம் அன்று. அவ்வுரிமை உங்கள் ஆயுள் முழுவதும், அதன்பின் 70 ஆண்டுகளும் நிலைக்கும். இரண்டு சொல்லைத் திருத்தியவர் அதனால் கவிதைக்கு உரித்தாளர் ஆகிவிட மாட்டார்.

பெரிய மனிதர்கள் வாசிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1662இல் டப்ளினில், கத்தரின் பிலிப்ஸ் என்ற கவிஞர் பிரெஞ்சு நாடகாசிரியர் கோர்னெய்யின் நாடகமொன்றில் ஒரு காட்சியை மட்டும் ஆங்கிலமாக்கி வைத்திருந்ததை வாசித்த ஓரரி பிரபு, முழுவதையும் முடிக்கும்படி வற்புறுத்தினார். மறு ஆண்டு அது மேடையேறியபோது உடைகளுக்கு நூறு பவுண் கொடுத்தவரும் அவரே. வாசகர் என்றால் அப்படி இருக்க வேண்டும். ஆனால் அதே கவிஞரின் கவிதைகள் நண்பர்களிடையே கையெழுத்துப் பிரதிகளாக உலவி, 1664 ஜனவரியில் அவர் சம்மதமின்றியே இலண்டனில் நூலாகிவிட்டன. அதை விற்பனையிலிருந்து நீக்குவதற்குள் அவர் பட்ட பாடு பெரிது. அந்த ஜூனிலேயே பெரியம்மையால் இறந்துபோனார். முறையான பதிப்பு 1667இல்தான் வந்தது.

ஆகவே, தங்கைமாரே, மூலக் கொப்பியை எவரிடமும் கொடுக்காதீர்கள், போட்டோப் பிரதியையே கொடுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வைத்தால் திகதியும் பதிவாகிவிடும். எந்த நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், பிறரிடம் கொடுக்கலாகாது என்பவற்றைக் கடிதமாகவே சேர்த்துக் கொடுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. எழுத்துப் பிழையைக் காட்டினால் மட்டும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளுங்கள், ஏனெனில் லகர, ளகர, ழகரத் தகராறு உங்களில் பலருக்கு உண்டென்பதை நான் நன்றாக அறிவேன். பெயரின்றி ஏற்கெனவே அச்சாகிவிட்டதென்றால், மூலப் பக்கத்தின் பிரதியுடன் மலராசிரியருக்கு எழுதித் திருத்தம் வெளியிடக் கேளுங்கள். ஆக்கத்தில் உங்கள் பெயர் இடம்பெறுவதும் சட்டம் தந்த உரிமையே. அணிந்துரை வரும்வரை நூலை வருடக்கணக்கில் கிடப்பில் போடாதீர்கள். அதற்கென ஒதுக்கிய பக்கங்களை நீக்குவது எனக்கு அரை மணி நேர வேலை.