இஎஸ்டி சேஃப்: பற்றாசுக்கோலுக்கு ஏன் இந்த அடைமொழி?

பற்றாசுக்கோல் என்பது சால்டரிங் அயர்ன்; அதோடு சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டியும் சேர்ந்தது சால்டரிங் ஸ்டேஷன். அதன் பெட்டியிலும் கைப்பிடியிலும் ‘இஎஸ்டி சேஃப்’ என்று அச்சிட்டிருக்கும். ‘சேஃப்’ என்றதும் பிடித்து வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்காது என்று பலர் பொருள்கொள்கிறார்கள். இங்கே காக்கப்படுவது சர்க்யூட் போர்டில் இருக்கும் ஐசி என்னும் சில்லும் மாஸ்ஃபெட் என்னும் டிரான்சிஸ்டரும்தான். கையைவிட அவற்றுக்குத் தாங்கும் திறன் மிகக் குறைவு. மனிதத் தோல் ஏறக்குறைய 3,000 வோல்ட்டுக்குக் கீழான நிலைமின் பொறியை உணர்வதே இல்லை. 100 வோல்ட்டில் பழுதாகும் உறுப்புகள் உண்டு. அதனால் சேதம் நடந்தது யாருக்கும் தெரியாமலே பலகை அடுத்த மேசைக்குப் போய்விடும்.

இஎஸ்டியின் விரிவு ‘எலக்ட்ரோஸ்டாட்டிக் டிஸ்சார்ஜ்’. ‘எலக்ட்ரான்’ என்பது கிரேக்கத்தில் ஆம்பர் என்னும் உறைந்த மரப்பிசினின் பெயர். தேய்த்த ஆம்பர் துரும்பை இழுப்பதைக் கொண்டு, 1600இல் வில்லியம் கில்பர்ட் தம் லத்தீன் நூலில் ‘எலக்ட்ரிகஸ்’ என்ற சொல்லைக் கையாண்டார். ‘சார்ஜ்’ வண்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது; வண்டியில் சுமை ஏற்றுவது சார்ஜ், இறக்குவது டிஸ்சார்ஜ். தமிழகப் பாடநூல்கள் சார்ஜை மின்னூட்டம் என்கின்றன, இலங்கைப் பாடநூல்கள் மின்னேற்றம் என்கின்றன. ஏற்றத்துக்கு இணை இறக்கம். ஆகவே ‘நிலைமின்னிறக்கம்’ என்பதே பொருத்தமான சொல். சிலர் எழுதும் ‘நிலைமின் வெளியேற்றம்’ பொருளை மங்கச் செய்கிறது. உயர்ந்த மின்னழுத்தத்தில் இருக்கும் பொருளிலிருந்து தாழ்ந்ததற்கு மின்னூட்டம் பாய்வதுதான் நிகழ்ச்சி. இரண்டும் ஒரே அழுத்தத்தில் இருந்தால் இறக்கமே கிடையாது. காப்பு முறைகள் எல்லாம் இந்த ஒன்றின்மேல்தான் நிற்கின்றன.

சால்டருக்குத் தமிழில் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. ‘பற்றாசு’ பொற்கொல்லர்களின் பழைய சொல். இரண்டு உலோகத் துண்டுகளை ஒட்ட நடுவே உருக்கி விடும் பொருளுக்கு ஆசு என்று பெயர். யாப்பிலக்கணத்தில் தனிச்சொல்லை முன்வரும் சீரோடு ஒட்ட ஓரிரு அசை சேர்ப்பதை ஆசு என்றும், அப்படி அமைந்ததை ஆசிடை நேரிசை வெண்பா என்றும் சொல்வது இதனால்தான். ‘பற்றவைப்பு’ என்று மட்டும் எழுதினால் வெல்டிங்கோடு குழம்பும். பட்டறையில் எல்லாரும் ‘ஈயம் வைப்பது’ என்பார்கள், காரீயம் இல்லாத எஸ்ஏசி305 கலவைக்கும் (வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 விழுக்காடு) அதே பேச்சு வழங்குகிறது, அதில் தவறில்லை. எழுத்தில் சால்டர் பற்றாசு, சால்டரிங் அயர்ன் பற்றாசுக்கோல் என்றால் போதும். ‘இஎஸ்டி சேஃப்’ என்பதை ‘நிலைமின்காப்பு’ என்று சுருக்கலாம். அந்தக் காப்பு என்னென்னவற்றை அடக்குகிறது என்று அறியாமல் சொல்லை மட்டும் மாற்றிப் பயனில்லை.

இந்த அடைமொழிக்குள் தன்மை வேறான இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. ஒன்று உண்மையான நிலைமின்: கைப்பிடியின் சாதாரண பிளாஸ்டிக் உரசலில் மின்னூட்டம் சேர்க்கும். மற்றது நிலைமின்னே அல்ல, 230 வோல்ட் மெயின்ஸிலிருந்து கோலின் சூடான நுனியான டிப்புக்கு வரும் கசிவு. இரண்டு பின் கொண்ட 25 வாட் அயர்னில் ஹீட்டர் சுருளுக்கும் உலோகக் குழலுக்கும் நடுவே மைக்கா காப்பு இருந்தாலும், இரண்டும் சேர்ந்து ஒரு சிறு மின்தேக்கியாக நடந்துகொள்ளும். மல்டிமீட்டரை ஏசியில் வைத்து டிப்புக்கும் எர்த்துக்கும் இடையே பார்த்தால் பல பத்து வோல்ட் காட்டும். ±20 வோல்ட் மட்டுமே தாங்கும், மாஸ்ஃபெட்டின் கட்டுப்பாட்டு முனையான கேட்டில் அந்த டிப் பட்டால், பலகை வேறு வழியில் எர்த் ஆகியிருக்கும்போது, கேட்டின் ஆக்சைடு படலம் துளைபடலாம். உற்பத்தியில் 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட ஸ்டேஷனும், டிப் வரை செல்லும் எர்த் கம்பியும் வைப்பது இதற்காகத்தான். ஹீட்டரை அணைத்து ஏற்றும் சுவிட்சும் முக்கியம். ஏசி மின் அலை சுழியைக் கடக்கும் நொடியில் மாற்றும் சுற்று நல்லது. நடு அலையில் வெட்டும் டிம்மர் வகைக் கட்டுப்பாடு டிப்பில் ஸ்பைக் (திடீர் மின்னழுத்த எழுச்சி) உண்டாக்கும்.

நிலைமின்காப்புக்கான அமெரிக்கத் தரமான ஆன்சி/இஎஸ்டி எஸ்20.20, கருவியைத் தேர்வு செய்யும்போது டிப்பிலிருந்து எர்த் முனைக்குத் தடை 2 ஓமுக்குக் கீழ், டிப் வோல்ட்டேஜ் 20 மில்லிவோல்ட்டுக்குக் கீழ், கசிவு 10 மில்லியாம்பியருக்குக் கீழ் என்று கேட்கிறது. பிறகு வேலைத்தளத்தில் அவ்வப்போது சோதிக்கையில் 10 ஓம் வரை ஏற்கிறது. இந்த இரு எண்களின் இடைவெளியே டிப் எப்படிக் கெடும் என்பதைச் சொல்லிவிடும். செராமிக் ஹீட்டரின்மேல் செருகும் டிப்பில், எர்த் தொடர்பு டிப்பின் அடிப்பகுதி குழலோடு அழுந்துவதால் மட்டுமே கிடைக்கிறது. சூட்டில் அங்கே ஆக்சைடு படியும், நட் தளரும், ஓம் ஏறும். காரீயமில்லாப் பற்றாசு 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், பழைய 63/37 வெள்ளீய-காரீயக் கலவைக்கு 183 போதும். அந்த அதிகச் சூடு ஆக்சைடைச் சீக்கிரம் வளர்க்கிறது. டிப்பைக் கழற்றி அடிப்பகுதியையும் குழலின் உள்ளையும் துடைத்து, நட்டைக் கையளவு இறுக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

அளக்கும்போது இரண்டு இடத்தில் ஏமாறலாம். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் முதலில் ஒன்றாகத் தொட்டு வரும் மதிப்பைக் கழிக்க வேண்டும், வயருக்கே 0.3 ஓம் இருக்கலாம். சூடான டிப்பில் நேரடியாக முனையை வைத்தால் இரு உலோகச் சந்திப்பில் வெப்ப மின்னழுத்தம் பிறந்து ஓம் கணக்கைக் கெடுக்கும். முனைகளை மாற்றி வைத்து மறுபடி அளந்து சராசரி பாருங்கள். டிப்பில் புதுப்பற்றாசு பூசி, பற்றாசு பூசிய செம்புத் தகட்டில் அழுத்தி அளந்தால் தொடர்பு நிலையாக இருக்கும்.

எல்லாவற்றிலும் கொடியது சுவர்ப்புள்ளியில் எர்த் அறுந்திருப்பது. ஸ்டேஷன், கணினி, பவர் சப்ளை எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இருந்தால், அவற்றிலுள்ள எஸ்எம்பிஎஸ் என்னும் பவர் சப்ளைச் சுற்றுகளின் உள்ளே ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குப் போகும் சிறு மின்தேக்கிகள், அறுந்த எர்த்தை ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கவிடும். காப்புக்காக வைத்த எர்த் கம்பியே அந்த 115 வோல்ட்டை டிப்புக்குக் கொண்டு சேர்க்கும். டிப் முதல் பிளக்கின் எர்த் பின் வரை 1 ஓம் காட்டினாலும் இது பிடிபடாது. சாக்கெட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 வோல்ட் அளவில் இருக்கிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று தனியே பாருங்கள். அறுந்த எர்த்திலும் மீட்டர் 230இல் பாதியைக் காட்டும். 230 வராமல் 115 வந்தால் அதுவே அடையாளம்.

நன்றாக எர்த் ஆன டிப் இருந்தும் பலகை சாகலாம். மின்னூட்டம் ஏறிய ஐசி அந்த டிப்பைத் தொடும்போது மொத்தமும் நானோநொடிகளில் இறங்கும். தடையற்ற எர்த் உலோகம்தான் அங்கே ஆபத்து. எனவே பலகையும் ஆளும் முன்பே டிப்பின் அழுத்தத்துக்கு வந்திருக்க வேண்டும். மேசைமேல் விரிக்கும் மேட்டிலிருந்து எர்த்துக்குத் தடை 10 கோடி, 100 கோடி ஓம் வரை இருந்தாலும் போதும், மெல்ல இறக்குவதே அதன் வேலை. ஆளை எர்த்தோடு இணைக்கும் மணிக்கட்டுப் பட்டையில் 1 மெகாஓம் தடை வைப்பது மெயின்ஸ் பட்டால் உடல் வழி 0.23 மில்லியாம்பியருக்கு மேல் போகாமலிருக்க. பிளாஸ்டிக் கவர், டேப் போன்ற மின்கடத்தாப் பொருள்களை எர்த் செய்ய முடியாது. அவற்றை மேசையிலிருந்து ஒரு அடியாவது தள்ளி வைக்க வேண்டும், முடியாத இடத்தில் மின்னூட்டத்தைச் சமன்செய்யும் அயனிக் காற்று விசிறி வேண்டும். பற்றாசு உறிஞ்சும் பம்ப்பில் பிஸ்டன் உரசுவதால் அதன் நுனியிலும் மின்னூட்டம் சேரும். ஸ்டேஷனுக்குக் காசு செலவிட்ட மேசையில் வெள்ளை பிளாஸ்டிக் நுனிப் பம்ப் கிடப்பது பொதுவான காட்சி. கறுப்பு, கடத்தும் நுனி உள்ளதை வாங்குங்கள்.