காய்ச்சல் விட்ட அன்றுதான் பயம்

போன வாரம் ஓர் அண்ணனை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து எங்கள் கிளினிக்குக் கொண்டு வந்தார்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம், செம்பனைக் குலை அறுக்கிறவர், நல்ல திடகாத்திரமான ஆள். நான்கு நாள் டெங்கிக் காய்ச்சல். ஐந்தாம் நாள் காலை ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தேன். வரவில்லை, வேலைக்குப் போய்விட்டார். “விடியக்காலை தொட்டுப் பார்த்தேன் டாக்டர், நெத்தி ஜில்லுனு இருந்துச்சு. நல்லாயிடுச்சுன்னு நினைச்சோம்,” என்று அழுதார் மனைவி.

அவர் விரல் நகத்தை அழுத்தி விட்டேன். வெளுத்த இடம் இரண்டு எண்ணுவதற்குள் சிவக்க வேண்டும். நான்கு எண்ணியும் சிவக்கவில்லை, ரத்த ஓட்டம் குறைந்திருந்தது. ஆம்புலன்ஸ் வைத்து ஈப்போவுக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார். இந்த ஆண்டு இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். அதனால்தான் எழுதுகிறேன்.

டெங்கியில் காய்ச்சல் விட்டால் நோய் விட்டதாக அர்த்தமில்லை. எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் மனதில் நிற்பதில்லை. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் சூடு தணியும். சிலருக்கு அதே நேரத்தில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து நெஞ்சிலும் வயிற்றிலும் சேரும். உள்ளே ரத்தம் கெட்டியாகும், அழுத்தம் இறங்கும், கை கால் சில்லிடும். இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். நீங்கள் நெற்றியைத் தொட்டு நிம்மதியடைகிற நேரமும் அதுதான்.

சூடு தணிந்தபின் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டால் சரி, தேறுகிறார். சூடு தணிந்தும் துவண்டு கிடந்தால், வயிறு வலித்தால், ஒரே நாளில் மூன்று முறை வாந்தி எடுத்தால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வந்தால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் உடனே மருத்துவமனை. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வண்டி இல்லையா, 999 அழையுங்கள்.

எல்லாரும் ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்கள் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். நாங்கள் ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்கிறோம். அது ஏறுவதுதான் எங்களுக்குக் கவலை. அதற்காகத்தான் தினமும் வரச் சொல்கிறோம். பப்பாளி இலைச் சாறு கொடுத்தோம் என்று சொல்லி வராமல் இருந்துவிடாதீர்கள். கசிகிற நீரை அது அடைக்காது.

மருந்து பனடோல் (பாராசிட்டமால்) மட்டும். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு வேளைக்கு இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் எட்டைத் தாண்டக் கூடாது. பிள்ளைகளுக்கு எடை பார்த்துத்தான் அளவு, கேட்டுக் கொடுங்கள். பொன்ஸ்தான், புரூஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரை எதுவும் வேண்டாம், ரத்தப்போக்கைக் கூட்டிவிடும். உடம்பு வலிக்கு ஊசி போடச் சொல்லி என்னிடம் மன்றாடாதீர்கள், போட மாட்டேன். பிள்ளையைக் கம்பளியில் சுற்றாதீர்கள். வெறும் தண்ணீரோடு கஞ்சி, பால், பழச்சாறு, உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

அப்புறம், கால்வாயிலோ ஈரக்காட்டிலோ வேலை செய்தவர்கள் அதைச் சொல்லுங்கள். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலுக்கு வைத்தியம் வேறு.

ஒரே ஒரு கெஞ்சல். காய்ச்சல் என்றைக்குத் தொடங்கியது என்று கேட்டால் “முந்தாநாளோ என்னவோ” என்கிறீர்கள். அந்த நாளை வைத்துத்தான் நான் கணக்குப் போட வேண்டும். சுவரில் தொங்கும் காலண்டரில் முதல் சூடு தெரிந்த தேதியை வட்டம் போட்டு வையுங்கள். வரும்போது அதைச் சொல்லுங்கள்.