கேட்ச் பிளாக்குக்குச் சிக்காத பிழைகள்

மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் தொடர்பான வேலைக்கு வருகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி இது. ஒரு டிரான்சாக்ஷன், அதாவது முழுதாக நடக்க வேண்டிய அல்லது முழுதாக ரத்தாக வேண்டிய கட்டளைத் தொகுப்பு, தொடங்குகிறது. முதல் இன்செர்ட், ஆர்டர் டேபிளில் ஒரு வரியைச் சேர்க்கிறது. இரண்டாவது இன்செர்ட் அந்த ஆர்டருக்கான பொருளைச் சேர்க்கப் பார்க்கிறது. அப்படியொரு பொருள் எண்ணே இல்லாததால் ஃபாரின் கீ (வேறொரு டேபிளில் இருக்கும் மதிப்பை மட்டுமே ஏற்கும் விதி) தடுத்து, 547ஆம் எண் பிழை வருகிறது. அதற்கடுத்து, மாற்றங்களை நிரந்தரமாக்கும் கமிட். பிழையைப் பிடிக்கும் டிரை, கேட்ச் பகுதிகள் எதுவும் இல்லை. கடைசியில் டேபிளில் என்ன இருக்கும்?

"ஒன்றும் இருக்காது, டிரான்சாக்ஷன்தான் இருக்கிறதே" என்று பல வருட அனுபவம் உள்ளவர்களே சொல்கிறார்கள். ஆனால் பொருளே இல்லாத ஆர்டர் ஒன்று அங்கே பதிவாகியிருக்கும். பிழை வந்தால் டிரான்சாக்ஷன் முழுவதையும் ரத்து செய்யச் சொல்லும் எக்ஸ்ஆக்ட்_அபார்ட் என்ற அமைப்பு இயல்பாக ஆஃப் நிலையில் இருப்பதுதான் காரணம். அந்த நிலையில் இப்படிப்பட்ட பிழை வந்தால் பிழை கொடுத்த கட்டளை மட்டும்தான் ரத்தாகும். ஓட்டம் அடுத்த வரிக்குப் போய், கமிட் ஒழுங்காக நடந்துவிடும். திரையில் பிழைச் செய்தியைப் பார்த்த பயனர் மறுபடி பொத்தானை அழுத்துவார். அப்போது இன்னொரு வெற்று ஆர்டர் சேரும்.

சரி, டிரை, கேட்ச் போட்டால் தீர்ந்ததா? 2005 பதிப்பில் அது வந்தது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அதன் கைக்குச் சிக்காதவை உண்டு. சர்வரில் சேமித்து வைத்த கட்டளைத் தொகுப்பான ப்ரொசீஜர் ஒன்றில், டேட்டாபேஸிலேயே இல்லாத டேபிளைக் குறிப்பிட்டால் வரும் 208ஆம் எண் பிழையை அதே ப்ரொசீஜரின் கேட்ச் பிடிக்காது. அதை அழைத்த ப்ரொசீஜரின் கேட்ச்தான் பிடிக்கும்.

இதைவிட நான் அதிகம் அஞ்சுவது டைம்அவுட்டுக்குத்தான். டாட்நெட் அப்ளிகேஷன் ஒரு கட்டளைக்கு இயல்பாக 30 விநாடி காத்திருக்கும். அதற்குமேல் ஆனால் "நிறுத்து" என்று சர்வருக்கு ஒரு சமிக்ஞை அனுப்பும். சர்வரைப் பொறுத்தவரை அது பிழையே இல்லை, அதனால் கேட்ச் பகுதி ஓடவே ஓடாது. அதற்குள் நீங்கள் எழுதி வைத்த, மாற்றங்களைத் திரும்பப் பெறும் ரோல்பேக்கும் நடக்காது. டிரான்சாக்ஷன் திறந்தபடியே நிற்கும். மறுபடி பயன்படுத்துவதற்காக இணைப்புகளைச் சேர்த்து வைக்கும் பூலுக்கு அந்த இணைப்பு திரும்பிப் போனாலும், வேறொருவர் அதை எடுத்துப் பயன்படுத்தும் வரை வரிகளின் மேல் போட்ட லாக்குகள் (பூட்டுகள்) விடுபடாது. அதே வரிகளுக்காகக் காத்திருப்பவர்களுக்கும் டைம்அவுட் வரும். கணினி மெதுவாக இருக்கிறது என்று புகார் வரும். பிழைப் பதிவிலோ ஒன்றும் இருக்காது. எக்ஸ்ஆக்ட்_அபார்ட் ஆன் நிலையில் இருந்தால், அந்தச் சமிக்ஞை வந்ததும் சர்வரே எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுவிடும்.

இன்னொரு கேள்வி. கேட்ச் பகுதியில் ரோல்பேக் டிரான்சாக்ஷன், அதற்கடுத்த வரியில், பிடித்த பிழையை மறுபடி வெளியே அனுப்பும் த்ரோ. நடுவே அரைப்புள்ளி இல்லை. பார்த்தால் குறையே தெரியாது. ஆனால் 2012இல் வந்த த்ரோ ஒதுக்கப்பட்ட சொல் அல்ல, அதைப் பெயராகவும் வைக்கலாம். "த்ரோ என்ற பெயருள்ள சேவ்பாயின்ட்டுக்குத் திரும்பு" என்று, அதாவது டிரான்சாக்ஷனின் நடுவே குறித்து வைத்த இடத்துக்குத் திரும்பச் சொல்வதாக, சர்வர் படித்துக்கொள்ளும். அப்படி ஒன்று இல்லாததால் 6401ஆம் எண் பிழை. ரோல்பேக்கும் நடக்காது, உண்மையான பிழையும் வெளியே வராது. அரைப்புள்ளி போடுவதை வெறும் அழகு என்று ஒதுக்குகிறவர்களுக்கு இதைக் கட்டாயம் ஓட்டிக் காட்டுவேன்.

பிழையைப் பதிவு செய்யும் இடத்திலும் வரிசை முக்கியம். இனி கமிட் செய்யவே முடியாதபடி டிரான்சாக்ஷன் கெட்டுப்போன நிலையில், அதாவது அதன் நிலையைச் சொல்லும் எக்ஸ்ஆக்ட்_ஸ்டேட் மைனஸ் 1 ஆக இருக்கும்போது, பதிவு டேபிளில் எழுத முயன்றால் 3930ஆம் எண் பிழைதான் கிடைக்கும். கெடாத நிலையில் எழுதினாலோ, பின்னால் வரும் ரோல்பேக் அந்தப் பதிவையும் அழித்துவிடும். அதனால் முதலில் ரோல்பேக், பிறகு பதிவு, அப்புறம் த்ரோ. ரோல்பேக்குக்குப் பிறகும் கேட்ச் பகுதிக்குள் பிழைச் செய்தி கிடைக்கும், பயப்பட வேண்டாம்.

நாளை அலுவலகம் போனதும், ப்ரொசீஜர்களின் கோட் இருக்கும் சிஸ்.எஸ்க்யூஎல்_மாட்யூல்ஸில் தேடிப் பாருங்கள்: டிரான்சாக்ஷனைத் தொடங்கும் பிகின் டிரான் இருந்தும் எக்ஸ்ஆக்ட்_அபார்ட் இல்லாத ப்ரொசீஜர்கள் எவை? பணத்தையும் சரக்கு இருப்பையும் தொடுகிறவற்றில் முதலில் அதை ஆன் செய்யுங்கள்.