குன்னூர் மேகமும் ஒரு மிக்-21 மாடலும்

குன்னூரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் மேகம் வீட்டு வாசல்வரை இறங்கி நிற்கும். அப்படிப்பட்ட நாளில் விமான மாடல் ஒன்றுக்கு, சீக்கிரம் காயும் வகையான லாக்கர் பெயின்டில் கறுப்பு அடித்துப் பாருங்கள். பளபளவென்று விழுந்த கறுப்பு, காயக் காய, மேலே பால் சிந்தியதுபோல் வெளுத்துவிடும். பெயின்ட் பழசாகிவிட்டது என்று நினைத்துப் பலர் புட்டியை மாற்றுவார்கள். புட்டியில் ஒரு குறையும் இல்லை. அந்த வெண்மைக்குக் காரணம் தண்ணீர்.

மிக்-21 போர் விமானம் 1963-இல் இந்திய விமானப்படைக்கு வந்தது, 2025 செப்டம்பர் 26 அன்று ஓய்வு பெற்றது. அதன் இறக்கை அகலம் சுமார் 7.15 மீட்டர். நிஜத்தில் 72-இல் ஒரு பங்கான 1/72 அளவு மாடலில் அது 10 சென்டிமீட்டரைக்கூட எட்டாது. இந்த அளவில் பெயின்ட் 0.1 மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறினாலே, நிஜ விமானத்தின் மேல் 7 மில்லிமீட்டர் பூச்சு பூசியதற்குச் சமம். உடம்பில் செதுக்கியிருக்கும் மெல்லிய தகட்டுக் கோடுகள் அதோடு மூடிப்போகும். அதனால்தான் பெயின்டில் அதை நீர்க்கச் செய்யும் தின்னரை நிறையக் கலந்து, காற்றழுத்தத்தால் பெயின்டைத் தூவும் ஏர்பிரஷ்ஷால் மெல்லிசாக, பல தடவையாக அடிக்கிறோம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தின்னர் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அதை அது பெயின்ட் படலத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. லாக்கர் தின்னர் வேகமாக ஆவியாகும் என்பதால் படலம் சட்டென்று குளிர்கிறது. காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அதிலிருக்கும் ஈரம் நீராகப் படியத் தொடங்கும். அந்த வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். படலம் அதற்குக் கீழே போய்விட்டால், காய்ந்துகொண்டிருக்கும் பெயின்டுக்குள்ளேயே நுண்துளிகள் படிகின்றன. தண்ணீரில் லாக்கர் பிசின் கரையாது, திரிந்து நிற்கும். பிறகு தண்ணீர் போனாலும் அது இருந்த இடத்தில் நுண்ணிய பொந்துகள் மிஞ்சும். ஒளி அவற்றில் பட்டுச் சிதறுவதைத்தான் வெள்ளையாகப் பார்க்கிறோம்.

மிக்-21-இல் இது இன்னும் கொடுமை. ஆரம்பகால மிக்-21கள் பெயின்ட் இல்லாமல் உலோகத் தகடு தெரியவே பறந்தன. மாடலில் அந்த மினுமினுப்பு வேண்டுமானால், பளபளப்பான கறுப்பு அடித்து அதன்மேல் உலோகப் பெயின்ட் அடிப்பது வழக்கம். அடிப்பரப்பு வழவழப்பாக இருந்தால்தான் உலோகத் துகள்கள் படுக்கையாகப் படிந்து மின்னும். வெளுத்துச் சொரசொரத்த கறுப்பின் மேல் அடித்தால் சாம்பல் நிறம்தான் வரும்.

சரி, என்ன செய்யலாம்? அறையைச் சூடாக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். 15 டிகிரியில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 13 கிராம் நீராவி இருக்கும். அங்கே படலம் ஒரு டிகிரி குளிர்ந்தாலும் தண்ணீர் படியும். அதே காற்றை 25 டிகிரிக்குச் சூடாக்கினால் ஒரு கிராம் நீராவிகூடக் குறையாது. ஆனால் 25 டிகிரியில் அது 23 கிராம்வரை தாங்கும். ஈரப்பதம் 55 சதவீத அளவுக்கு இறங்கிவிடும். இப்போது படலம் 10 டிகிரி குளிர்ந்தால்தான் ஆபத்து. மலையில் பீரோவுக்குள் சின்ன பல்பு எரியவிட்டுப் பூஞ்சையைத் தடுப்பதும் இதே கணக்குதான். அறையோடு மாடலும் சூடேறியிருக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: தின்னர் ஆவி தீப்பிடிக்கும். கரி அடுப்போ கம்பி பழுக்கும் ஹீட்டரோ எரியும்போது ஏர்பிரஷ்ஷைத் தொடாதீர்கள். முதலில் சூடாக்கி, அணைத்து, ஹீட்டர் ஆறிய பிறகு அடியுங்கள். ஜன்னலைச் சாத்தினால் தின்னர் ஆவி, திறந்தால் மேகம் என்ற இக்கட்டு இங்கே எப்போதும் உண்டு. ஆவியை வெளியே தள்ளும் விசிறியும் கரி வடிகட்டி உள்ள மாஸ்க்கும் இல்லாமல் லாக்கர் வேண்டவே வேண்டாம்.

ஏர்பிரஷ்ஷுக்குக் காற்றை அமுக்கித் தரும் கம்ப்ரஸரும் தண்ணீர் கொண்டுவரும். ஈரம் நிறைந்த காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கி, பழைய வெப்பநிலைக்கே ஆறவிட்டால், அதிலிருக்கும் நீராவியில் பாதி தண்ணீராகிவிடும். அது குழாய் வழியாக வந்து இறக்கையின் மேல் பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும். ஏர்பிரஷ்ஷுக்கு முன்னால் ஈரம் பிடிக்கும் வடிகட்டி ஒன்றை மாட்டி, அடிக்கடி வடித்துவிடுங்கள்.

ஏற்கெனவே வெளுத்துவிட்டதா? பயப்பட வேண்டாம். மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் கலந்த தின்னரை மட்டும், காற்று வெதுவெதுப்பாக இருக்கும்போது, லேசாகத் தூவினால் போதும். படலம் மறுபடி இளகிப் பொந்துகள் மூடிக்கொள்ளும், கறுப்பு திரும்பிவிடும். மழைக்காலத்தில் அடிக்கும் பெயின்டிலேயே ரிட்டார்டரைக் கலந்துகொள்வது இன்னும் நல்லது.

எனாமல் என்ற இன்னொரு வகை பெயின்டில் இந்த வெளுப்பு அவ்வளவாக வராது. ஆனால் அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்துதான் இறுகும், குளிரில் அந்த வினை மந்தமாகிவிடும். சமவெளியில் ஒரே நாளில் காய்வது இங்கே நாள் கணக்கில் இழுக்கும். வாடை முழுதாகப் போகும் வரைக்கும், அடுத்த நிறம் படாமல் மறைக்கும் மாஸ்கிங் டேப்பை அதன்மேல் ஒட்டாதீர்கள்.

மேகம் விலகாத வாரங்களில் ஒட்டும் வேலையைப் பார்க்கலாம். பிளாஸ்டிக் சிமென்ட் என்ற பசை, மாடலின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனை இளக்கி, இரு பக்கத்து மூலக்கூறுச் சங்கிலிகளையும் ஒன்றோடொன்று பின்னிவிடுகிறது. அந்த இணைப்பை ஈரம் பெரிதாகப் பாதிப்பதில்லை.