யூடியூபை இரண்டு மணி நேரம் விழுங்கிய 256 முகவரிகள்

காட்பாடியில் ஒரு நிறுவனத்தில் நெட்வொர்க் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ரவுட்டர், ஸ்விட்ச், பிஜிபி என்று ராத்திரி பகலாகப் படித்து சர்டிஃபிகேட் வாங்கினேன் சார். இப்போது எல்லாவற்றையும் ஏஐ பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். நான் படித்ததெல்லாம் வீணா?" வேலூர் பக்கம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பிள்ளைகளும் இதையேதான் வேறு வேறு வார்த்தைகளில் கேட்கிறார்கள்.

வீண் இல்லை. ஏன் என்று சொல்ல, 2008 பிப்ரவரி 24 அன்று நடந்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன் தெரிந்த கதையை வேகமாக ஓட்டிவிடலாம். இணையம் ஒரே வலை கிடையாது, ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் வலைகள் கைகோர்த்து நிற்பது. ஒவ்வொரு வலைக்கும் அடையாளமாக ஒரு ஏஎஸ் எண் உண்டு. வலைக்குள் இருக்கும் கணினிகளைக் கண்டுபிடிக்க உதவும் எண் முகவரிதான் ஐபி முகவரி. "இந்த ஐபி முகவரிகள் என்னிடம் இருக்கின்றன" என்று ஒரு வலை பக்கத்து வலையிடம் அறிவிக்கும், அது தன் பக்கத்து வலையிடம் சொல்லும், இப்படியே உலகம் முழுக்கப் பரவும். இந்த அறிவிப்புக்கான நெறிமுறைதான் 1989இல் வந்த பிஜிபி. அறிவிப்பவர் சொல்வது உண்மையா என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. அன்று வலைகள் குறைவு, ஒருவரை ஒருவர் தெரியும், அதனால் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

சரி, 2008. யூடியூபை நாட்டுக்குள் தடுக்கச் சொல்லி பாகிஸ்தானில் உத்தரவு. பாகிஸ்தான் டெலிகாம் தன் வலைக்குள் யூடியூபின் முகவரிகளுக்கு ஒரு பொய் வழி போட்டது. அது உள்ளேயே நின்றிருந்தால் பிரச்சினை இல்லை. நம்ம நேரப்படி நள்ளிரவு 12.17க்கு (நமக்கு 25ஆம் தேதி பிறந்துவிட்டது) அந்த அறிவிப்பு வெளியே கசிந்து, ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் வழியாக உலகம் முழுக்கப் பரவியது. உலகின் பெரும்பகுதியில் யூடியூபுக்குப் போக வேண்டிய டிராஃபிக் பாகிஸ்தானுக்குத் திரும்பியது.

யூடியூபும் அதே முகவரிகளை அப்போது அறிவித்துக்கொண்டுதான் இருந்தது. அசல் சொந்தக்காரரின் அறிவிப்பு இருக்கும்போதே டிராஃபிக்குக்கு வழி காட்டும் பெட்டிகளான ரவுட்டர்கள் ஏன் பொய்யை நம்பின? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

யூடியூப் அறிவித்தது 208.65.152.0/22. ஐபி முகவரியின் 32 பிட்டுகளில் (0 அல்லது 1 என்ற இலக்கங்களில்) முதல் 22 பிட் மாறாது, மிச்சம் 10 பிட் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது இதன் பொருள். இரண்டின் 10ஆம் அடுக்கு, அதாவது 1024 முகவரிகள். பாகிஸ்தான் டெலிகாம் அறிவித்தது 208.65.153.0/24. அதில் 256 முகவரிகள்தான். மூன்றாவது எண்ணை மட்டும் இரும எண்ணில் எழுதிப் பாருங்கள். 152 என்பது 10011000, 153 என்பது 10011001, 154 என்பது 10011010, 155 என்பது 10011011. நான்கிலும் முதல் ஆறு இலக்கம் 100110 மாறவே இல்லை. முன்னால் உள்ள இரண்டு எண்களின் 16 பிட்டோடு இந்த ஆறையும் சேர்த்தால் 22. ஆக /24 என்ற சின்னத் துண்டு, /22 என்ற பெரிய துண்டின் வயிற்றுக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. யூடியூப் இணையதளம் இருந்ததும் அந்தச் சின்னத் துண்டுக்குள்தான்.

ஒரு முகவரிக்கு இரண்டு வழிகள் பொருந்தினால், அதிக பிட்டுகள் பொருந்துகிற வழியைத்தான், அதாவது நீளமான பொருத்தத்தைத்தான், ரவுட்டர் எடுக்கும். இதில் விதிவிலக்கே கிடையாது. நம் பின்கோடும் இப்படித்தான் வேலை செய்கிறது. தொலைவில் இருக்கும் தபால் பிரிக்கும் இடத்தில் 632 என்று பார்த்தாலே வேலூர்ப் பக்கம் என்று பையில் போட்டுவிடுவார்கள். ஆனால் 632014 என்று விஐடிக்குத் தனிப் பை ஒன்று திறந்திருந்தால், அந்தக் கடிதம் பொதுப் பைக்குப் போகாது. அந்தத் தனிப் பையை வைத்தவர் யார் என்று பிரிப்பவர் கேட்பதில்லை.

ஒரு பெரிய ரவுட்டரின் அட்டவணையில் இன்று 9 லட்சத்துக்கும் மேல் ஐபிவி4 (மேலே பார்த்த 32 பிட் முகவரி வகை) வழிகள் இருக்கின்றன. வந்து விழும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் (சின்னத் தரவுப் பொட்டலத்துக்கும்) அத்தனையிலும் நீளமான பொருத்தத்தைத் தேட வேண்டும், அதுவும் ஒரு நொடியில் கோடிக்கணக்கான பாக்கெட்டுகளுக்கு. பல ரவுட்டர்கள் இதை டிகேம் என்ற தனி வகை நினைவகத்தால் செய்கின்றன. சாதாரண நினைவகத்தில் முகவரியைக் கொடுத்தால் உள்ளே இருப்பது வெளியே வரும். டிகேம் இதற்குத் தலைகீழ். உள்ளே இருப்பதைக் கொடுத்தால் அது எந்த வரிசையில் இருக்கிறது என்று சொல்லும். அதன் ஒவ்வொரு செல்லும் 0, 1, "எதுவானாலும் சரி" என்ற மூன்று நிலைகளில் ஒன்றை வைத்துக்கொள்ளும். /22 என்றால் முதல் 22 செல்லில் 0, 1 எழுதி, கடைசி பத்தில் "எதுவானாலும் சரி" போட்டுவிடுவார்கள். பாக்கெட்டின் முகவரியை உள்ளே விட்டால், தேடுதல் என்று ஒன்று நடப்பதே இல்லை. எல்லா வரிசைகளும் ஒரே நேரத்தில், ஒரே துடிப்பில், தன்னோடு ஒப்பிட்டுப் பார்த்து "நான் பொருந்துகிறேன்" என்று கை தூக்கும். கை தூக்கியவர்களில் மேலே இருப்பவருக்கு முன்னுரிமை. நீளமான வழிகளை மேல் வரிசையில் அடுக்கிவிட்டால் போதும், நீளமான பொருத்தம் தானாக ஜெயித்துவிடும். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்காத வடிவமைப்பு இது. விலையும் மின்செலவும்தான் அதிகம், வரிசைகளுக்கும் எல்லை உண்டு. 2014 ஆகஸ்ட் 12 அன்று உலக அட்டவணை 5 லட்சத்து 12 ஆயிரம் வழிகளைத் தொட்டபோது, அந்த எல்லையோடு இருந்த பழைய ரவுட்டர்கள் திணறி, பல இடங்களில் இணையம் தடுமாறியது.

மீண்டும் 2008. சுமார் 80 நிமிடம் கழித்து யூடியூப் தானும் அதே /24ஐ அறிவித்தது. இப்போது இரண்டும் ஒரே நீளம், அதனால் ஏஎஸ் பாதை (நடுவில் கடக்க வேண்டிய வலைகள்) யாருக்குக் குறைவோ அவர் பக்கம் டிராஃபிக் போனது. அடுத்த 11 நிமிடத்தில் அதையும் இரண்டாக வெட்டி இரண்டு /25 அறிவித்தார்கள், இன்னும் நீளம். கடைசியில் பிசிசிடபிள்யூ அந்தப் பொய் வழியைத் திரும்பப் பெற்றபோது மொத்தம் 2 மணி 14 நிமிடம் ஆகியிருந்தது. அது தவறுதலாக நடந்தது. 2018 ஏப்ரலில் இதே வித்தையை அமேசானின் டிஎன்எஸ் (இணையதளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரிகள் மேல் வேண்டுமென்றே காட்டி, மைஈதர்வாலட் என்ற கிரிப்டோ பணப்பைத் தளத்தின் பயனாளர்களைப் போலித் தளத்துக்குத் திருப்பி, சுமார் ஒன்றரை லட்சம் டாலர் மதிப்புள்ள ஈதர் என்ற கிரிப்டோ நாணயத்தை அடித்துக்கொண்டு போனார்கள்.

இதற்கு மருந்து ஆர்பிகேஐ என்ற சரிபார்ப்பு ஏற்பாடு. "இந்த முகவரித் துண்டை இந்த ஏஎஸ் எண்தான் அறிவிக்கலாம், அதிகபட்சம் இவ்வளவு நீளம்தான்" என்று சொந்தக்காரர் டிஜிட்டல் கையெழுத்திட்டு வெளியிடும் சீட்டுக்கு ரோவா என்று பெயர். ரவுட்டர் அதோடு ஒப்பிட்டு, பொருந்தாத அறிவிப்பைத் தூக்கிப் போட்டுவிடலாம். 2024 மே மாதம் உலகின் ஐபிவி4 வழிகளில் பாதிக்கு மேல் இந்தச் சீட்டு வந்துவிட்டது. ஆனால் சீட்டு இருந்தால் மட்டும் போதாது, அதைப் பார்த்து மறுக்கிற ரவுட்டரும் வேண்டும்.

அப்புறம் ஏஐ? அதற்கும் நல்ல இடம் இருக்கிறது. எம்ஐடியும் சான் டியாகோவில் உள்ள கெய்டா ஆய்வு மையமும் சேர்ந்து 2019இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஐந்து வருட ரவுட்டிங் தரவை வைத்துக் கணினிக்குப் பழக்கினார்கள். திரும்பத் திரும்ப முகவரி திருடும் வலைகள் ஒரு துண்டைச் சராசரியாக 50 நாள்கூட வைத்திருப்பதில்லை, ஒழுங்கான வலைகள் ஏறக்குறைய இரண்டு வருடம் வைத்திருக்கின்றன. இப்படிப்பட்ட தடயங்களைக் கொண்டு சந்தேகத்துக்குரிய வலைகள் சுமார் 800ஐ அந்த நிரல் அடையாளம் காட்டியது. மனிதக் கண்ணால் ஆகாத வேலை, பாராட்ட வேண்டியது. ஆனால் அது காட்டுவது சந்தேகம்தான். திருட்டா, கைதவறிய கான்ஃபிகரேஷனா, டிடாஸ் தாக்குதலை (பல இடங்களிலிருந்து டிராஃபிக்கைக் கொட்டி முடக்குவதை) சமாளிக்க யாரோ வேண்டுமென்றே போட்ட வழியா என்று பிரித்துச் சொல்ல, பிஜிபி தெரிந்த ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஏஐ என்று பெயர் போட்ட பெட்டியை ரேக்கில் மாட்டிவிட்டால் பாதுகாப்பு வந்துவிடும் என்பதை மூடநம்பிக்கை என்றே நான் சொல்வேன். அது எதைப் பார்த்து எச்சரிக்கிறது என்று கேளுங்கள், விற்பவரிடம் பதில் இல்லையென்றால் காசு கொடுக்காதீர்கள்.

அந்த மாதிரி ஆய்வுக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. அமெரிக்காவின் ஒரிகான் பல்கலைக்கழகம் நடத்தும் ரவுட்வியூஸ் உலக ரவுட்டிங் தரவை இலவசமாகத் தருகிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் கல்லூரிகளில் கடைசி வருட ப்ராஜெக்ட் என்று எங்கோ விலைக்கு வாங்கி வைக்கிற பிள்ளைகளுக்கு, இந்திய வலைகளின் அறிவிப்புகளை மட்டும் எடுத்து அலசச் சொல்லிச் சின்னத் தொகையாக நிதி கொடுத்தால் எவ்வளவோ வெளியே வரும். பெரிய ஏஐ திட்டங்களுக்கு ஒதுக்குவதில் ஒரு துளி போதும். இதைக் கேட்டு வாங்க வேண்டியது நாம்தான்.

காட்பாடி நண்பருக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமாக ஏஎஸ் எண் இருந்தால், நாளைக்கே உங்கள் ரோவாவில் அதிகபட்ச நீளம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் /22 மட்டும் அறிவிக்கிறீர்கள், ஆனால் பின்னால் தேவைப்படலாம் என்று 24 என்று போட்டு வைத்திருக்கிறீர்கள் என்றால், அதை 22 ஆக்குங்கள். இல்லாவிட்டால் பாதையின் கடைசியில் உங்கள் ஏஎஸ் எண்ணைப் பொய்யாக ஒட்டி ஒருவர் /24 அறிவித்தால், உங்கள் சீட்டே அதைச் சரி என்று சொல்லிவிடும், நீளம் அதிகம் என்பதால் உலகம் அவர் பின்னால் போகும்.