ஜெல்லுக்கு முடிச்சுப் போடும் 'பிஸ்'

சாட்ஸ்வர்த் வாசகி ஒருவர் கேட்கிறார்: "வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் என் மகள் தண்ணீர் போன்ற ஒரு கரைசலை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஊற்றினாளாம். சூடாக்கவில்லை, குளிரவைக்கவும் இல்லை. அரைமணியில் ஜெல்லாகிவிட்டதாம். எப்படி?"

அந்தக் கரைசலில் முக்கியமான சரக்கு அக்ரிலமைடு. அம்மோனியம் பெர்சல்பேட்டையும் டெமெட் என்ற திரவத்தையும் சேர்த்ததும் ரேடிக்கல்கள், அதாவது ஜோடி சேராத எலக்ட்ரானோடு துடிக்கும் துணுக்குகள், பிறக்கின்றன. அவை இரட்டைப் பிணைப்பைத் திறந்துவிட, மூலக்கூறுகள் கைகோத்து நீண்ட சங்கிலியாகின்றன. பள்ளியில் படித்த பாலிமர் பாடம்தான். ஆனால் இதோடு நின்றால் கிடைப்பது பிசுபிசுப்பான கூழ் மட்டுமே.

கூழை ஜெல்லாக்குவது மெத்திலீன் பிஸ் அக்ரிலமைடு. ஆய்வகத்தில் சுருக்கமாக 'பிஸ்'. இரண்டு அக்ரிலமைடுகளை நடுவில் ஒரு கார்பன் இணைத்தால் அதுதான் பிஸ். இரு முனையிலும் இரட்டைப் பிணைப்பு இருப்பதால் ஒரு முனை ஒரு சங்கிலிக்குள்ளும், மறுமுனை பக்கத்துச் சங்கிலிக்குள்ளும் புகுந்துவிடும். சார்டின் மீன் காலத்தில் டர்பன் கடற்கரையில் இழுக்கிறார்களே, அந்த வலையின் முடிச்சு மாதிரி. புரதங்களை அளவுவாரியாகப் பிரிப்பதுதான் இந்த ஜெல்லின் வேலை: மின்சாரம் பாய்ச்சினால் சின்னப் புரதங்கள் கண்ணிகளில் நுழைந்து முன்னே ஓடும், பெரியவை பின்தங்கும்.

புரத ஜெல்லுக்கு வழக்கமாக 37.5 பங்கு அக்ரிலமைடுக்கு 1 பங்கு பிஸ். முடிச்சைக் கூட்டினால் கண்ணி சிறுக்க வேண்டும், இல்லையா? அக்ரிலமைடும் பிஸ்ஸும் சேர்ந்த மொத்தத்தில் பிஸ் சுமார் 5 சதவீதம் ஆகும் வரை அப்படித்தான் நடக்கிறது. அதைத் தாண்டினால் கண்ணி மறுபடி பெரிதாகிறது! பிஸ் மூலக்கூறுகள் அங்கங்கே கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து சங்கிலிகளைக் கற்றையாக இறுக்கிவிடுகின்றன. கற்றைகளுக்கு நடுவே பெரிய வெற்றிடம் விழுகிறது. கண்ணாடி போலிருந்த ஜெல் பால் வெள்ளையாகி, தொட்டால் நொறுங்கும். வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று.

சிலருக்கு ஜெல் இறுகாது. 'கைராசி இல்லை' என்பார்கள். அந்தப் பேச்சை விட்டுவிடுவோம். காற்றிலுள்ள ஆக்சிஜன் ரேடிக்கல்களைப் பிடித்துத் தின்றுவிடுகிறது, அல்லது பெர்சல்பேட் கரைசல் பழசாகியிருக்கும். அதனால்தான் ஊற்றிய கரைசலின் மேல் கொஞ்சம் ஐசோப்ரொப்பனால் விட்டு மூடுவார்கள். ஜெல் இறுகியதும் இரண்டுக்கும் நடுவே கூர்மையான ஒரு கோடு தெரியும். இறுகும் முன்னும் பின்னும் கையுறை கழற்றக் கூடாது. இறுகாத அக்ரிலமைடு நரம்புக்கு நஞ்சு. இறுகிய பிறகும் அதில் மிச்சம் மீதி இருக்கக்கூடும்.

இப்போது ஆயத்த ஜெல்களே விலைக்குக் கிடைக்கின்றன. ஆனாலும் மாணவர்கள் தம் கையால் ஊற்றிப் பழகப் பல்கலைக்கழகங்கள் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. கண்ணி எப்படி உருவாகிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரோஸின் ஜெல்லை மைக்ரோவேவில் உருக்கி மறுபடி ஊற்றலாம். அக்ரிலமைடு ஜெல்லை அப்படி முடியாது, ஏனென்றால் பிஸ் போடுவது சகப்பிணைப்பு, அதாவது அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் உறுதியான பிணைப்பு. உள்ளே சிக்கிய புரதத்தை மீட்க வேண்டுமா? அதற்கும் வழி உண்டு. பிஸ்ஸுக்குப் பதிலாக, நடுவில் இரண்டு கந்தக அணுக்கள் கொண்ட பிஸ் அக்ரிலாயில் சிஸ்டமின் சேர்ப்பார்கள். மெர்காப்டோஎத்தனால் என்ற வேதிப்பொருளை ஊற்றினால் அந்தக் கந்தகப் பிணைப்பு அறுந்து, முடிச்செல்லாம் அவிழ்ந்து, ஜெல் திரவமாகக் கரைந்துவிடும்.